நஜ்முதீன் பண்டாரியின் மானமும் ஒரு வாளிக் காந்தலும்

கொச்சி மட்டாஞ்சேரியில் நஜ்முதீன் பண்டாரியின் கைப் பிரியாணியைச் சாப்பிடாதவர் என்று யாராவது இருந்தால், அவர் ஒன்று சைவமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் போன வாரம் குடிவந்தவராக இருக்க வேண்டும். பண்டாரி என்றால் கல்யாணப் பிரியாணிச் சமையல்காரர். முப்பத்திரண்டு வருஷமாக அவருக்கு அதுதான் தொழில். ராவுத்தர் குடும்பம். எந்தக் காலத்திலோ கம்பத்துப் பக்கமிருந்து மிளகு வியாபாரத்துக்கு வந்தவர்கள் திரும்பிப் போக மறந்துவிட்டார்கள். வீட்டில் தமிழ், தெருவில் மலையாளம், கோபம் வந்தால் இரண்டும்.

ஆள் குட்டை. தலைக்கும் தோளுக்கும் நடுவில் கழுத்து என்று ஒன்று இருப்பதாகத் தெரியாது. செம்பு என்கிற பெரிய பிரியாணி அண்டாவை மூடித் தம் போட்டுவிட்டால் அதைத் திறக்கும்வரை ஒரு வார்த்தை பேச மாட்டார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று மோப்பம் பிடிப்பதோடு சரி. ஒருமுறை அவர் தோளில் கிடந்த துண்டில் தீப்பற்றிக்கொண்டது. அப்போதும் வாயைத் திறக்கவில்லை. உதவிக்கு நின்ற மச்சினன் சஜ்ஜாதை விரலால் கூப்பிட்டுத் துண்டைக் காட்டினார். சஜ்ஜாதுக்கு நாற்பது வயது, மச்சான் பேசாத பேச்சையும் சேர்த்துப் பேசுகிறவன். அவன் கத்திய கத்தலில் கல்யாண வீடே ஓடிவந்தது.

பண்டாரியின் நாணயம் கொஞ்சம் எரிச்சலூட்டும் வகையைச் சேர்ந்தது. சமைத்து முடித்ததும் மிஞ்சிய பட்டை கிராம்பை எல்லாம் பொட்டலம் கட்டி, வீட்டுக்காரர் எங்கே இருக்கிறார் என்று தேடிப்பிடித்துக் கையில் கொடுப்பார். மாப்பிள்ளைக்கு மாலை போட்டுக்கொண்டிருக்கும்போது மாமனாரைத் தனியே கூப்பிட்டு ஏழு ஏலக்காயை எண்ணிக் கொடுத்த கதையெல்லாம் உண்டு. அவர் கல்யாண வீட்டிலிருந்து எடுத்துப் போவது ஒன்றே ஒன்றுதான், காந்தல்.

செம்பின் அடியில் நெய்யும் மசாலாவும் சோறும் ஒட்டிப் பொன்னிறத்தில் இறுகிக் கிடக்குமே, அதுதான் காந்தல். அது பண்டாரிக்குச் சேர வேண்டியது. யாரும் எழுதி வைத்த சட்டமில்லை. ஆனால் கொச்சிக் கல்யாணங்களில் எல்லோருக்கும் தெரியும். கடைசிப் பந்தி எழுந்த பிறகு சட்டுவத்தால் சுரண்டி, மூடி போட்ட அலுமினிய வாளியில் நிரப்பி, ஸ்கூட்டரின் முன்னால் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்.

வீட்டில் லதீஃபா காத்திருப்பாள். பாலக்காட்டிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். பிரியாணிக்காரரைக் கட்டிக்கொண்டவளுக்குப் பிரியாணி பிடிக்காது. காந்தல்தான் வேண்டும். அடுக்களையில் காலை நீட்டி உட்கார்ந்து, தெருவுக்கே கேட்கும்படி நறநறவென்று கடித்துத் தின்பாள். பண்டாரி எதிரில் உட்கார்ந்து வாளியின் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பார். முப்பது வருஷத்தில் அவர்களுக்குள் நடந்த கொஞ்சல் எல்லாம் சேர்த்து அவ்வளவுதான். பெருநாளைக்குப் புடவைக்குப் பணம் கொடுப்பார், கடைக்கு வந்து ஒன்றைத் தேர்ந்தெடுத்துத் தரமாட்டார். நிறம் எப்படி என்று கேட்டால் தலையாட்டுவார். எந்த நிறத்துக்கும் ஒரே தலையாட்டல்தான்.

இப்படிப்பட்ட மனுஷனைத்தான் 'அழிமுகம்' என்கிற மாலைப் பத்திரிகை திருடனாக்கிவிட்டது.

சுள்ளிக்கல்லில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் நஜீமின் மகளுக்குக் கல்யாணம். மண்டபத்து வாசலில் கார் நிறுத்துவதில் இரண்டு பேருக்குள் தள்ளுமுள்ளு. அதைச் செய்தியாக்க ரோஹன் என்கிற நிருபர் வந்தான். வேலைக்குச் சேர்ந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. ஊரும் புதிது, பசியும் பெரிது. வந்து பார்த்தால் சண்டைக்காரர்கள் சமாதானமாகி ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டார்கள். சரி, நாமாவது சாப்பிடுவோம் என்று உள்ளே போனான். பிரியாணி தீர்ந்துவிட்டது என்று சொல்லி ஒரு டம்ளர் லைம் ஜூஸ் கொடுத்தார்கள். அதைக் குடித்துக்கொண்டே வெளியே வந்தவன் கண்ணில் பட்டது, நெய் மணக்க மணக்க ஒரு முழு வாளியோடு ஸ்கூட்டரில் ஏறும் பண்டாரி. செய்தி இல்லாத நிருபனும் சோறு இல்லாத வயிறும் ஒரே ஆளாக அமைந்துவிட்டால் என்ன நடக்குமோ அது நடந்தது.

மறுநாள் சாயங்காலம் முதல் பக்கத்தில் இரண்டு பத்தி. "கல்யாணப் பிரியாணி மாயமானது எங்கே? சமையல்காரரின் வாளியில்!" என்று தலைப்பு. கீழே படம். ஸ்கூட்டரில் வாளியோடு பண்டாரி. தும்மல் வரும் நேரத்தில் எடுத்திருந்தான். கண் பாதி மூடி, வாய் கோணி, பார்த்தால் ஒரு வாளி என்ன, மண்டபத்தையே கடத்தக்கூடிய ஆள் என்று தோன்றும். பெயர், தெரு, வயது எல்லாம் போட்டிருந்தது.

சாயாக்கடையில் சஜ்ஜாத்தான் அதைச் சத்தமாகப் படித்தான். பண்டாரி முழுக்கக் கேட்டார். அவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை, "அறுபத்திநாலா?" என்பதுதான். அவருக்கு ஐம்பத்தெட்டு. பாதி குடித்த சாயாவை வைத்துவிட்டு எழுந்து போனார். முகம் சுண்டிப்போயிருந்தது. ராத்திரிச் சோறு இறங்கவில்லை.

மூன்று நாள் பொறுத்தார். பிறகு லதீஃபாவைக் கூப்பிட்டு உட்கார வைத்து, அல்லாவின் மேல் ஆணையாகத் தான் ஒரு பருக்கை திருடியதில்லை என்றும், கோர்ட்டுக்குப் போகப் போவதாகவும் சொன்னார். அவள் ஏதோ கேட்க வந்தவள்போல வாயெடுத்தாள். பிறகு, சரி என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள். அவள் குரல் ஏன் அப்படித் தொய்ந்திருந்தது என்று யோசிக்கும் நிலையில் அவர் இல்லை.

முதலில் எறணாகுளத்தில் பிராட்வே பக்கத்து மாடியிலிருந்த பத்திரிகை ஆபீசுக்கே போய்ப் பார்த்தார். ஆசிரியர் நல்ல மனுஷன்தான். உட்காரச் சொல்லி, சாயா வரவழைத்து, தவறு நடந்துவிட்டது, ஏழாம் பக்கத்தில் திருத்தம் போட்டுவிடலாம் என்றார். கடல் ஏற்ற இறக்க நேரம் போடும் பெட்டிக்குக் கீழே இரண்டு வரி இடம் இருந்ததாம்.

"முதல் பக்கத்துல படத்தோட திருடன். ஏழாம் பக்கத்துல படமில்லாம நல்லவன். இது எந்த ஊர் நியாயம் சாரே?" என்று கேட்டார் பண்டாரி. அதே இடத்தில், அதே அளவில், அதே பெரிய எழுத்தில் போட வேண்டும் என்பது அவர் கட்சி. ஆசிரியர் முடியாது என்றார். கொடுத்த சாயாவைக் குடிக்காமல் பண்டாரி இறங்கிவிட்டார்.

தோப்பும்படியில் வக்கீல் மீனாக்ஷியிடம் சஜ்ஜாத் கூட்டிப் போனான். பாலக்காட்டு அக்கிரகாரத்திலிருந்து வந்து கொச்சியில் ஊன்றிய குடும்பம். கெட்டிக்காரி. ஆனால் பூண்டுகூடச் சேர்க்காத வீட்டில் பிறந்தவளுக்குக் காந்தலை விளக்குவதற்குள் சஜ்ஜாதுக்கு நாக்கு வறண்டுவிட்டது.

"அப்போ கரிஞ்ச சாதத்தை எடுத்துண்டு போனதுக்கா இத்தனை ரகளை?" என்றாள் மீனாக்ஷி.

"கரிஞ்சதுன்னு சொல்லாதீங்க வக்கீலம்மா. கரிய விட்டா நான் பண்டாரியே இல்லை," என்றார் நஜ்முதீன். மீனாக்ஷி பேனாவை மூடி வைத்துவிட்டு அவரைச் சரியாகப் பார்த்தாள். பாத்திரத்தின் அடியில் ஒட்டிய பால் பாயசத்துக்காகத் தன் வீட்டில் நடக்கும் போட்டி அவளுக்கு நினைவு வந்திருக்க வேண்டும். கேஸை எடுத்துக்கொண்டாள். வயதைத் தப்பாகப் போட்டதையும் சேர்க்க முடியுமா என்று பண்டாரி கேட்டார். அதற்குச் சட்டத்தில் வழியில்லை என்றாள். அது அவருக்குக் கடைசிவரை ஒரு குறையாகவே இருந்தது.

ஆசிரியர் மேலும் நிருபன் மேலும் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் மானநஷ்ட வழக்கு பதிவானது. வாய்தா மேல் வாய்தாவாக ஒரு மழைக்காலம் முழுக்கப் போயிற்று. பத்திரிகைக்கு வெங்கிடாசலம் என்கிற மூத்த வக்கீல் வந்தார். வெள்ளை வேட்டியைப்போலவே பேச்சும் கசங்காத மனுஷன். பண்டாரி தனி மனிதர் அல்ல, பொதுவாழ்வில் இருப்பவர் என்று முதலில் வாதாடிப் பார்த்தார். மாதம் நாலாயிரம் பேர் இவர் கையை நம்பி இலையில் உட்காருகிறார்கள், எம்.எல்.ஏ.வுக்குக்கூட அவ்வளவு ஆள் இல்லை என்றார். மீனாக்ஷி எழுந்து, என் கட்சிக்காரருக்கு ஃபேஸ்புக்கில் கணக்குகூடக் கிடையாது, வாட்ஸ்அப்பில் வருகிற காலை வணக்கத்துக்குக்கூட அவர் பதில் போடுவதில்லை, அவர் தனி மனிதர்தான் என்றாள். மாஜிஸ்திரேட் ஒரு நடுவயதுப் பெண்மணி, சிரிப்பை அடக்கப் பழகியவர். தனி மனிதர் என்று ஏற்றுக்கொண்டார்.

அடுத்ததாக வெங்கிடாசலம் சட்டப் புத்தகத்தை எடுத்து ஒரு விளக்கத்தைப் படித்தார். ஒருவரைப் பற்றி எழுதியது மானநஷ்டமாக வேண்டும் என்றால், அதனால் மற்றவர்கள் பார்வையில் அவருடைய மதிப்பு குறைந்திருக்க வேண்டும். குறைந்ததா? யார் பார்வையில்? ஒரு ஆளைக் காட்டுங்கள், போதும் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

அங்கேதான் பிடித்தது சனியன்.

பண்டாரிக்காகச் சாட்சி சொல்ல மட்டாஞ்சேரியில் வரிசை நின்றது. முதலில் ஜமாஅத் செயலாளர் ஏறினார். செய்தியைப் படித்தீர்களா? படித்தேன். படித்ததும் இவரைப் பற்றி என்ன நினைத்தீர்கள்? "பேப்பர்க்காரனுக்குப் பைத்தியம் பிடிச்சிருக்குன்னு நினைச்சேன்," என்றார். மீனாக்ஷி கண்ணைக் காட்டிப் பார்த்தாள். இவரைப் பற்றி, இவரைப் பற்றி என்று அழுத்திக் கேட்டாள். இவரா, இவர் தங்கமாச்சே என்று ஆரம்பித்த செயலாளர் பத்து நிமிஷம் நிறுத்தவில்லை. வெங்கிடாசலம் ஒரு குறுக்குக் கேள்வியும் கேட்கவில்லை. சாட்சிக்கு நன்றி மட்டும் சொன்னார்.

அடுத்து கல்யாண வீட்டுக்காரர் நஜீம். வாளியில் இருந்தது காந்தல்தான், அது பண்டாரியின் உரிமை, என் வீட்டில் ஒரு இலைக்கும் பிரியாணி குறையவில்லை என்று கணீரென்று சொன்னார். மதிப்பு குறைந்ததா என்றதற்கு, இரண்டாவது மகள் கல்யாணத்துக்கும் இவரைத்தான் சொல்லி வைத்திருக்கிறேன் என்றார். அதற்கடுத்த வாய்தாவுக்குச் சாயாக்கடைக்காரரை மீனாக்ஷி தன் ஆபீசில் உட்கார வைத்துப் பாடம் நடத்தினாள். கொஞ்சம் சந்தேகம் வந்தது என்று சொன்னால் போதும், ஒரே ஒரு வரி. அவரும் தலையை ஆட்டினார். கூண்டில் ஏறி, எனக்குக் கொஞ்சம் சந்தேகம் வந்தது என்று ஒப்பித்தார். என்ன சந்தேகம் என்று வெங்கிடாசலம் மெதுவாகக் கேட்டார். சாயாக்கடைக்காரர் பண்டாரியின் முகத்தைப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது. "அந்தப் போட்டோவுல இருக்கிறது இவர்தானான்னு சந்தேகம் வந்துச்சு," என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

மீனாக்ஷி தலையில் கை வைத்துக்கொண்டாள். "பாய், ஊரே உங்களை இப்படித் தலைமேல தூக்கி வச்சுண்டா நான் எப்படிக் கேஸை ஜெயிக்கறது? உங்களைத் திருடன்னு நினைச்ச ஒரே ஒரு ஆள் வேணும். ஒண்ணே ஒண்ணு."

ஆக, நஜ்முதீன் பண்டாரி தன்னைத் திருடன் என்று நினைக்கிற ஆளைத் தேடிக்கொண்டு ஸ்கூட்டரில் கிளம்பினார். உலகத்தில் எந்த மானஸ்தனுக்கும் இந்தக் கதி வந்திருக்காது. தெரிந்தவன், தெரியாதவன், கடன்காரன், பழைய பகையாளி என்று எல்லோரையும் பார்த்தார். போகிற இடத்திலெல்லாம் வயிறு நிறையப் பாராட்டுத்தான் கிடைத்தது. ஒருவர் சால்வையே போர்த்திவிட்டார்.

கடைசியாக, மூச்சைப் பிடித்துக்கொண்டு இடக்கொச்சிக்குப் போனார். அங்கே மஸ்தான் என்று ஒரு பண்டாரி. பதினோரு வருஷமாக இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. பிரியாணியில் தக்காளி போடலாமா கூடாதா என்பதில் வந்த சண்டை. மஸ்தான் தக்காளிக் கட்சி. இவனாவது நம்மைக் கேவலமாக நினைப்பான் என்ற பெரிய நம்பிக்கையோடு நஜ்முதீன் வாசலில் நின்றார்.

மஸ்தான் வெளியே வந்தார். விஷயத்தைக் கேட்டார். கேட்கக் கேட்க அவர் முகம் சிவந்தது. "உனக்கு அரிசி வேக வைக்கத் தெரியாதுன்னு சொல்வேன். உன் பிரியாணி ஆஸ்பத்திரிக் கஞ்சின்னு சொல்வேன். எந்தக் கோர்ட்டுல வேணா சொல்வேன். ஆனா காந்தலைத் திருட்டுன்னு எழுதினவன் பண்டாரி எல்லாரையும்தான்டா திருடன்னு எழுதியிருக்கான். உன்னைத் திருடன்னு என் வாயால வராது," என்றார். அத்தோடு விட்டாரா, நானும் சாட்சிக்கு வருகிறேன் என்று பிடிவாதம் பிடித்தார். வேண்டாம் என்று சொல்லித் தப்பிப்பதற்குள் நஜ்முதீனுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. போகும்போது ஒரு தூக்கு நிறைய பிரியாணியும் கொடுத்தனுப்பினார். தக்காளி போட்டது.

வீட்டுக்கு வந்து அடுக்களை வாசலில் தொப்பென்று உட்கார்ந்தார். லதீஃபா சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். சஜ்ஜாத் நடந்ததையெல்லாம் விலாவாரியாகச் சொன்னான். ஒரு ஆள் கிடைக்காமல் கேஸ் தோற்கப் போகிறது, தோற்றால் திருடன் என்ற பட்டம் கோர்ட்டே கொடுத்ததுபோல ஆகிவிடும், அப்புறம் தான் சட்டுவத்தைத் தொடப் போவதில்லை என்றார் பண்டாரி. சொல்லும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டார். வெங்காயம் ஒரு சாக்கு.

லதீஃபா கையிலிருந்த வெங்காயத்தை உரித்து முடித்துக் கிண்ணத்தில் போட்டாள். "நான் வர்றேன்," என்றாள்.

"நீ வந்து என்ன சொல்லுவே?"

"நான் நம்பினேன். அதைச் சொல்றேன்."

பண்டாரிக்கு முதலில் நெகிழ்ந்துவிட்டது. புருஷனுக்காகக் கோர்ட்டில் பொய் சொல்லவும் துணிந்துவிட்டாளே என்று நினைத்தார். பொய் வேண்டாம் லதீஃபா, தோற்றாலும் பரவாயில்லை என்றார். அவள் நிமிர்ந்து பார்க்காமல், பொய்யில்லை, உள்ளதைத்தான் சொல்கிறேன், நான் நம்பத்தான் செய்தேன் என்றாள். சஜ்ஜாத் கூட வாயடைத்துப் போனான். அவன் பிறந்ததிலிருந்து அது மூன்றாவது தடவையாக இருக்கும்.

அடுத்த வாய்தாவுக்கு நாலு நாள் இருந்தது. அந்த நாலு நாளும் பண்டாரி செம்பைத் தம் போட்டுவிட்ட ஆள்போல வீட்டில் நடமாடினார். ஊர் முழுக்க நம்பாததை உடன் வாழ்ந்தவள் நம்பியிருக்கிறாள். சுள்ளிக்கல், இடக்கொச்சி என்று திருட்டுப் பட்டம் தேடி அலைந்தாரே, அது தன் வீட்டு அடுக்களையிலேயே இருந்திருக்கிறது. கேஸ் ஜெயிக்கப் போகிறது என்பதில் துளி சந்தோஷம் இல்லை அவருக்கு. மீனாக்ஷிக்குத்தான் தலைகால் புரியவில்லை. சொந்த மனைவி பார்வையிலேயே மதிப்பு போய்விட்டது என்றால் அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும் என்று ஃபோனில் குதித்தாள்.

அன்று கோர்ட்டில் உட்கார இடமில்லை. மட்டாஞ்சேரியே வந்திருந்தது. வேண்டாம் என்று சொல்லியும் மஸ்தான் வந்து முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார். லதீஃபா பெருநாள் புடவை கட்டி, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கூண்டில் ஏறினாள். தமிழில்தான் பேசுவேன் என்றாள். மாஜிஸ்திரேட் சரி என்றார்.

பத்திரிகையில் வந்ததை நம்பினீர்களா என்று மீனாக்ஷி கேட்டாள். நம்பினேன் என்றாள் லதீஃபா. ஏன் என்று மீனாக்ஷி கேட்டாள்.

"அன்னைக்கு வாளியில காந்தலுக்கு அடியில நாலு கறித்துண்டு இருந்துச்சு. நல்ல துண்டு. முப்பது வருஷத்துல காந்தலைத் தவிர ஒண்ணும் வந்ததில்லை. மறுநாள் பேப்பர்ல இப்படி வந்துச்சு. சரி, எடுத்துட்டுத்தான் வந்திருக்காருன்னு நினைச்சேன்."

பண்டாரி துள்ளி எழுந்தார். கறித்துண்டா? அவருக்கு அதுவே தெரியாது. வெங்கிடாசலமும் எழுந்தார். அவருக்கு லட்டு கிடைத்த சந்தோஷம், பத்திரிகை எழுதியது நிஜமாகவே ஆகிவிட்டதே. அதற்குள் பின் வரிசையிலிருந்து நஜீம் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார். வீட்டிலிருந்து மசாலா இடித்துக் கொடுத்த லதீஃபா அக்காவுக்கு என்று நான்தான் நாலு துண்டு போட்டு வைக்கச் சொன்னேன், அன்றைக்குக் கூண்டில் அது நினைவுக்கு வரவில்லை என்றார். சஜ்ஜாத் எழுந்து, ஆமாம், சொன்னார், நான்தான் போட்டேன், மச்சானிடம் சொன்னால் திருப்பிக் கொடுத்துவிடுவார் என்றுதான் மறைத்தேன் என்று கத்தினான். இத்தனை மாசம் ஏன் சொல்லவில்லை என்று மீனாக்ஷி பல்லைக் கடித்தாள். யாரும் கேட்கவில்லையே என்றான். மாஜிஸ்திரேட் மேசையைத் தட்டி எல்லோரையும் உட்கார வைத்தார். அவர்களை அப்புறம் முறைப்படி விசாரிக்கலாம் என்றார். பிறகு லதீஃபாவின் பக்கம் திரும்பி, ஏன் உங்கள் கணவரிடமே கேட்கவில்லை என்று அவரே கேட்டார்.

"கேட்டு, இல்லைன்னு சொல்லிட்டார்னா?" என்றாள் லதீஃபா.

மாஜிஸ்திரேட்டுக்குப் புரியவில்லை. போகட்டும் என்று விஷயத்துக்கு வந்தார். திருடியதாக நம்பினீர்கள், சரி. அதனால் உங்கள் பார்வையில் இவருடைய மதிப்பு என்ன ஆயிற்று?

"கூடிச்சு," என்றாள்.

எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. கூடியதா என்று மாஜிஸ்திரேட் மறுபடி கேட்டார். மீனாக்ஷி கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஆமா மேடம். முப்பது வருஷத்துல எனக்குன்னு தானா ஒரு முழம் பூ வாங்கியாராத மனுஷன். ஊரான் வீட்டு ஏலக்காயைக்கூட எண்ணிக் குடுக்கிறவரு. அப்பேர்ப்பட்டவரு எனக்காக நாலு துண்டைத் திருடி, காந்தலுக்கு அடியில ஒளிச்சு, ஸ்கூட்டர்ல கொண்டாந்திருக்காருன்னா! நான் மூணு நாள் அவ்வளவு சந்தோஷமா இருந்தேன்." முக்காட்டு நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அப்புறம் கூப்பிட்டு உட்கார வச்சு, அல்லா மேல ஆணையா நான் திருடலைன்னு சொல்லிக் கேஸ் போட்டாரு. துண்டு தவறி விழுந்திருக்கும்னு நினைச்சுக்கிட்டேன். அப்பத்தான் மதிப்பு கொஞ்சம் குறைஞ்சுச்சு."

கோர்ட் சிரித்த சிரிப்பில் வெளியே நின்ற போலீஸ்காரர் எட்டிப் பார்த்தார். ஆசிரியர் சிரித்தார், ரோஹன் சிரித்தான், வெங்கிடாசலம் கறுப்புக் கோட்டுக்குள் குலுங்கினார். மஸ்தான் மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். மாஜிஸ்திரேட் சாப்பாட்டு இடைவேளையைக் கால் மணி நேரம் முன்னதாகவே அறிவித்துவிட்டு அவசரமாக உள்ளே போனார். பண்டாரி சிரிக்கவில்லை, அழவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மனைவியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

தீர்ப்பு மூன்று வாரம் கழித்து வந்தது. நஜீமும் சஜ்ஜாதும் முறைப்படி ஏறிச் சொன்னதை ஏற்று, செய்தி முழுப் பொய், வாளியில் போனது பண்டாரிக்கு உரியதும் வீட்டுக்காரர் மனமுவந்து கொடுத்ததும்தான் என்று மாஜிஸ்திரேட் எழுதினார். அதைத் தெளிவாக எழுதிவிட்டு, ஆனாலும் இதனால் இவர் மதிப்பு எங்கும் குறைந்ததாகத் தெரியவில்லை, ஓரிடத்தில் கூடியிருக்கிறது என்று சொல்லி இரண்டு பேரையும் விடுதலை செய்தார். பண்டாரி தோற்றார். பத்திரிகை ஜெயித்தது. ஜெயித்த பெருமையை அழிமுகம் முதல் பக்கத்திலேயே கொட்டை எழுத்தில் போட்டுக்கொண்டது. "பிரியாணி வழக்கில் பத்திரிகைக்கு வெற்றி. நஜ்முதீன் பண்டாரி திருடவில்லை: கோர்ட்." அதே இடம், அதே அளவு, படமும் இருந்தது, இந்தத் தடவை தும்மாத படம். அவர் கேட்டதெல்லாம் அதில் வந்துவிட்டது. வயது மட்டும் மறுபடி அறுபத்திநாலு.

அவர் அதைச் சண்டைக்கு எடுத்துக்கொள்ளவில்லை. பேப்பரைப் பார்த்த மாதிரியே தெரியவில்லை. மனசு வேறெங்கோ இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு கல்யாணம். விடிந்ததும் மண்டபத்துக்குப் போகாமல் சுள்ளிக்கல் கறிக்கடைக்குப் போனார். முக்கால் மணி நேரம் நின்றார். அது வேண்டாம், இது வேண்டாம், இந்த நெஞ்செலும்பு, அந்தத் தொடை என்று ஒவ்வொரு துண்டாக அவரே தேர்ந்தெடுத்தார். கறிக்கடைக்காரருக்கு உயிர் போயிற்று. தன் காசில் அரைக் கிலோ. சீட்டு எழுதி வாங்கிக்கொண்டார். மண்டபத்துக்குப் போனதும் கல்யாண வீட்டுக்காரரிடம் அந்தச் சீட்டைக் காட்டி, இது என் கறி, தனிச் சட்டியில் வேகும், உங்கள் கறியோடு சேராது என்று சொல்லி, சஜ்ஜாதையும் சாட்சிக்கு நிறுத்தினார். வீட்டுக்காரருக்கு ஒன்றும் விளங்கவில்லை. தலையை ஆட்டி வைத்தார்.

மத்தியானம் வாளி வீட்டுக்கு வந்தது. லதீஃபா காலை நீட்டி உட்கார்ந்தாள். காந்தலை உடைத்து வாயில் போட்டு நறநறவென்று மென்றாள். அடுத்த வாய்க்கு வாளிக்குள் கையை விட்டவளின் விரல் எதிலோ தட்டியது. இழுத்தாள். நெய்யில் மினுங்கிய தொடைக்கறி. அதற்கு அடியில் இன்னொன்று. இன்னும் இருந்தது. நிமிர்ந்து பார்த்தாள். பண்டாரி மூடியை மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கல்யாண வீட்டுல குடுத்தாங்களா?"

"இல்லை."

"பின்னே?"

தம் போட்ட செம்பின் முன்னால் நிற்பவர்போல அவர் கொஞ்ச நேரம் வாயைத் திறக்கவில்லை. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"திருடினேன்," என்றார்.

லதீஃபா சிவந்துபோன முகத்தைக் கவிழ்த்துக்கொண்டு நாலு துண்டைச் சாப்பிட்டாள். ஐந்தாவதை எடுத்து அவர் கையிலிருந்த மூடியில் வைத்தாள். சட்டைப் பையில் இருந்த கறிக்கடைச் சீட்டு அவள் கண்ணில் பட்டுவிடக் கூடாதே என்று அன்றைக்கு முழுக்கப் பண்டாரி சட்டையைக் கழற்றவே இல்லை.